புரட்டாதிச் சனியில் ஒரு சஃபாரி

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மின்னஞ்சலின் கடைசி வரியில் இருந்தது. சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சாப்பாட்டறையில், நூடில்ஸ் ஆறிக்கொண்டிருக்க, அதை ஏழு தடவை வாசித்தேன். தென்னாபிரிக்காவில் ஒரு காட்டுக் காப்பகத்தில் ஓராண்டு சஃபாரி வழிகாட்டிப் பயிற்சி. ஜீப் ஓட்டப் பழக்குவார்கள், தடம் பார்க்கப் பழக்குவார்கள், யானை காதை விரித்தால் என்ன செய்யக்கூடாது என்று சொல்லித் தருவார்கள். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. பெப்ரவரியில் தொடக்கம்.

எனக்கு இருபத்தாறு வயது. அம்மாவின் கையெழுத்து எந்தப் படிவத்துக்கும் தேவையில்லை. ஆனால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் விமானத்தில் ஏறி சீட் பெல்ட் போடுவேனா? மாட்டேன். அது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அம்மாவுக்குத் தெரியும்.

அன்று மாலையே நார்த்மீட் வீட்டுக் குசினியில் கதையைத் தொடங்கினேன்.

“இரத்தம் டெஸ்ட் பண்ணுற வேலைக்கு இப்ப என்ன குறை?” என்றார் அம்மா, வெங்காயத்தை நிமிர்ந்து பார்க்காமல் வெட்டியபடி.

“குறை ஒண்டும் இல்லையம்மா. யன்னல்தான் இல்லை.”

“ரெண்டு வருஷத்துக்கு முந்திக் கென்யாவுக்குப் போனனிதானே. சிங்கம் பார்த்தாச்சு, யானை பார்த்தாச்சு. அதுகள் திரும்பவும் அதே மாதிரித்தானே இருக்கும்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதினொரு பதில்கள் இருந்தன. பதற்றத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் வந்தன. அம்மா ஒன்றையும் ஏற்கவில்லை. அப்பாதான் இடையில் புகுந்தார். அப்பா எப்போதும் என் கட்சி.

“இஞ்சேரும், ஒரு நாள் நாங்களும் அவளோட போய்ப் பார்ப்பம். இஞ்ச சுத்திவர எவ்வளவு காடு கிடக்கு. அதில என்ன இருக்கெண்டு எங்களுக்கும் விளங்கட்டுமே.”

அம்மா கத்தியை வைத்தார். “சரி, ஒரு நாள் வாறன். எனக்கு விளங்கினால் போ. விளங்காட்டி இந்தக் கதை அதோட முடிஞ்சுது.”

ஒரே ஒரு நாள். எனக்கு அதுவே போதும் என்று பட்டது. அன்றிரவு தூங்கவே இல்லை என்று சொன்னால் மிகை; ஆனால் மூன்று வரைபடங்களைத் திறந்து வைத்துக்கொண்டேதான் தூங்கினேன். புளூ மவுண்டன்ஸைத் தாண்டி மேற்கே இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒரு பக்கம் தேசியப் பூங்கா, மறுபக்கம் ஆட்டுப் பண்ணைகள், நடுவில் ஒரு சின்ன ஆறு. பிளாட்டிபஸ் அங்கே உண்டு. மண்ணில் வளை தோண்டி வாழும் வொம்பட்டும் உண்டு. சனிக்கிழமை என்று முடிவு செய்தேன். மழை வருமா என்று பார்த்தேன். காற்றின் திசை, சூரியன் எழும் நேரம், ஆற்றின் நீர்மட்டம், லிட்கமில் அப்பாவின் வேலை ஷிப்ட் எல்லாவற்றையும் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை மட்டும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிய நாலரைக்குக் காரடிக்கு வந்தால், அம்மா தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சல்வாருக்கு மேல் அப்பாவின் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் நான்கு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர்.

“இவ்வளவு விடிய எதுக்கம்மா குளிச்சனீங்கள்?”

“புரட்டாதிச் சனியெல்லே” என்றார் அம்மா. “எனக்கு விரதம்.”

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் அம்மா சனீஸ்வரனுக்கு விரதம் இருப்பார். மதியம் வரை தண்ணீர், வெறும் தேநீர். மதியம் ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. மாலையில் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும். ஆனால் அந்த மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: முதலில் காகம் சாப்பிட வேண்டும். நார்த்மீட்டில் அது பிரச்சினையே இல்லை. பின்வளவு வேலியில் சோற்றை வைத்து இரண்டு தடவை கூப்பிட்டால், பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒன்று வந்துவிடும்.

“அம்மா, வேணுமெண்டா வேற நாள் போவமே.”

“வேற நாள் ஏது? திங்கள் பதில் சொல்லோணுமெண்டாய். ஏறு, ஏறு. காட்டில காகம் இல்லாமலே போகும்?”

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. தண்ணீரின் மேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று மடக்குக் கதிரைகளைப் போட்டேன். விதிகளைச் சொன்னேன்: கதைக்கக் கூடாது, எழும்பி நடக்கக் கூடாது, தண்ணீரில் வட்டமாகக் குமிழி வந்தால் என் தோளைத் தொட வேண்டும். பிளாட்டிபஸ் என்பது வாத்தின் வாயும் நீர்நாயின் உடம்பும் கொண்டு முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிராணி என்று கிசுகிசுத்தேன்.

“ஒரு முடிவுக்கு வரச் சொல்லு அதை” என்று அம்மாவும் கிசுகிசுத்தார்.

இருபது நிமிடம். நாற்பது நிமிடம். அப்பா தோளைத் தொட்டார். குமிழிதான், ஆனால் இலை அழுகி வரும் குமிழி. பிறகு இரண்டு தடவை தொட்டார். ஒன்று மரக்கட்டை, மற்றது அவருக்குத் தும்மல் வரப்போகிறது என்ற அறிவிப்பு. அந்தத் தும்மலைக் கேட்டு அக்கரையில் நின்ற மூன்று கங்காருக்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போயின. எட்டரை மணிக்கு ஆற்றில் வெயில் விழுந்தது. இனி அது வராது என்று எனக்குத் தெரியும். இன்னும் அரைமணி நேரம் சும்மா உட்கார வைத்தேன், தோல்வியை ஒத்துக்கொள்ள மனமில்லாமல்.

அடுத்தது வொம்பட். மேட்டில் அதன் வளைகள் இருந்தன, வாசலில் புது மண் இருந்தது, வொம்பட் மட்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. நான் விட்டேனா? வளைக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் அது போட்டிருந்த புழுக்கையைக் காட்டினேன். உலகத்திலேயே சதுரக் கட்டியாகப் புழுக்கை போடும் விலங்கு இது ஒன்றுதான்! எனக்கு அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

அம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இதைக் காட்டத்தானோ நாலு மணிக்கு எழுப்பினனி?”

“வடிவா வெட்டினது போல இருக்கு, என்ன?” என்றார் அப்பா, என்னைக் காப்பாற்றுவதற்காக.

பன்னிரண்டு மணிக்குப் பூங்காவின் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தபோது கணக்கு இதுதான்: பிளாட்டிபஸ் இல்லை, வொம்பட் இல்லை, கங்காரு தூரத்தில், புழுக்கை கிட்டத்தில். அம்மா குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேரியரைத் திறந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்து, மேசையின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“கா! கா! கா!”

பதில் இல்லை. காலையிலிருந்து நான் எழுதி வைத்த பறவைப் பட்டியலைப் பார்த்தேன். இருபத்து மூன்று இனங்கள். காகம் மட்டும் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. யாராவது காட்டுக்குப் போய்க் காகத்தைத் தேடுவார்களா?

முதலில் குக்கபரா என்ற பெரிய மீன்கொத்தி ஒன்று வந்து கிளையில் உட்கார்ந்தது. பிறகு மஞ்சள் கண்ணோடு கரவாங் என்ற ஒரு பறவை, நேராகத் தட்டைக் குறி வைத்து மேசைக்கு இறங்கியது.

“இது கறுப்புத்தானே. இது காகத்துக்குச் சொந்தமில்லையோ?” என்று அப்பா கேட்டார்.

“இல்லையப்பா. அதோட...” பின்னால் திரும்பிப் பார்த்தேன். மேசைக்குப் பின்னாலேயே பலகை இருந்தது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு கொடுக்க வேண்டாம் என்று, படம் போட்டு. “அம்மா, இஞ்ச ஒண்டுக்கும் சாப்பாடு வைக்கக் கூடாது. தட்டை எடுங்கோ.”

“காகத்துக்கு வைக்கிறது சாப்பாடு போடுறது இல்லை. அது விரதம்.”

“அதுகளுக்கு அது தெரியாதம்மா. எங்கட சாப்பாடு பழகினா அதுகளுக்கு வருத்தம் வரும், ஆக்களின்ர கையைக் கொத்தும். நான் இந்த வேலைக்குத்தான் போகப்போறன் எண்டு சொல்லிப்போட்டு, முதல் நாளே நானே...”

சொல்லி முடிக்கவில்லை. அம்மா தட்டை எடுத்தார், அதிலிருந்ததைத் திரும்பக் கேரியரில் போட்டார், ஒவ்வொரு அடுக்காக மூடினார். கோபமே இல்லை.

“சரி பிள்ளை. நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும். நான் சாப்பிடேல்லை, அவ்வளவுதான்.”

அம்மா சாப்பிடாவிட்டால் அப்பா சாப்பிடமாட்டார். அவர்கள் சாப்பிடாவிட்டால் நான் எப்படி? மூன்று பேரும் மூடிய கேரியரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பள வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆபிரிக்கா முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை மின்னஞ்சலுக்கு என்ன மன்னிப்பு எழுதலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கினேன்.

அப்பாதான் மெல்லச் சொன்னார்: “பூங்காவுக்கு வெளியில ஒரு காகத்தைக் கண்டுபிடியன். அதுதானே நீ படிக்கப் போறது?”

எனக்குச் சுரீர் என்றது. காலையிலிருந்து நான் காட்ட விரும்பியதைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வேண்டியதைத் தேடவே இல்லை.

பண்ணைப் பாதையில் காரை மெதுவாக ஓட்டினேன். யன்னல்கள் நான்கும் திறந்திருந்தன. காகம் எங்கே இருக்கும்? ஆட்டுக்குட்டி போடும் காலம், நஞ்சுக்கொடி தின்ன வரும், ஆகவே பண்ணைப் பக்கம். உயரமான பட்டமரம், ஆகவே மேட்டுப் பக்கம். “கதைக்காதேங்கோ, கேளுங்கோ” என்றேன். இந்தத் தடவை இருவரும் உண்மையாகவே கேட்டார்கள்.

“நில், நில்!” அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. “குழந்தை சிணுங்குறது போல. கேக்குதா?”

எனக்குக் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினேன். அப்போது கேட்டது: நீளமாக இழுத்து, கடைசியில் தேய்ந்து முடியும் ஓர் அழுகை. சிட்னிக்காரர் எவருக்கும் தெரிந்த குரல்.

“அம்மா, அதேதான்! ஆனா அது காகமில்லை, சரியாச் சொன்னா அண்டங்காகம்.”

“சனீஸ்வரன் உன்னைப் போலப் புத்தகம் வச்சுப் பார்க்கிறேல்லை. ஓட்டு.”

அடுத்த வளைவில் கண்டோம். மேட்டின் உச்சியில் ஒரு பட்டமரம், அதில் ஐந்து அண்டங்காகங்கள். அம்மா கைகூப்பப் போனார். நான் பைனாகுலரை எடுத்தேன். ஐந்தும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, மேட்டுக்கு அப்பால், கீழே. ஒன்று இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

எனக்குக் கென்யா ஞாபகம் வந்தது. அங்கே எங்கள் ஜீப்பை ஓட்டியவன் என் வயதுக்காரன், ஓயாமல் பிஸ்கட் தின்பவன். ஒருநாள் காலை அவன் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு மரத்தைக் காட்டினான். மரம் நிறையப் பிணந்தின்னிக் கழுகுகள். சாப்பாடு கீழே இருந்தும் அவை ஏன் இறங்காமல் இருக்கின்றன என்று எங்களைக் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டின் சொந்தக்காரர் இன்னும் போகவில்லை என்றான். புதரைச் சுற்றி ஓட்டினான். அங்கே சிங்கம் படுத்திருந்தது. அந்தச் சிங்கத்தைவிட, அதைப் பார்க்காமலே அவன் சொன்னதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது.

“அம்மா” என்றேன். “மேட்டுக்கு அங்கால ஏதோ செத்துக் கிடக்கு. அதுக்கு மேல பெரிய கழுகு ஒண்டு இருக்கு.”

“எங்க? ஒண்டும் தெரியேல்லையே.”

“எனக்கும் தெரியேல்லை. இருக்கு.”

மேட்டில் ஏறி மெதுவாக நிறுத்தினேன். வேலிக்கு உள்ளே, நாற்பது அடி தூரத்தில், ஒரு கங்காரு செத்துக் கிடந்தது. அதன் மேல் ஆப்பு வால் கழுகு, அவுஸ்திரேலியாவின் மிகப் பெரிய கழுகு, தோளில் சால்வை போட்டது போல் நின்றது. உண்மையைச் சொன்னால், பாதிக்குப் பாதிதான் நம்பிச் சொல்லியிருந்தேன்.

அம்மா கழுகைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு என் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அண்டங்காகங்கள் இறங்கின. கழுகு அவற்றை விரட்டியது. அவை திரும்பி வந்தன. இரண்டு முன்னால் நின்று கத்த, ஒன்று நடந்து, நடந்து, மிக மரியாதையாகப் பின்னால் போய், கழுகின் வாலைப் பிடித்து இழுத்தது!

“எடி, அதின்ர துணிச்சலைப் பார்!” அம்மா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். கழுகு சினந்து திரும்ப, முன்னால் நின்றது ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. “எடுத்திட்டான்! இஞ்சேருங்கோ, கண்டனீங்களோ? எடுத்திட்டான்!”

“நீர் பைனாகுலரைத் தந்தாத்தானே காணலாம்” என்றார் அப்பா.

அம்மா தரவில்லை. கறுத்த ட்ரக்கில் ஒரு பண்ணைக்காரர் வந்து நின்று, கார் பழுதாகிவிட்டதா என்று கேட்டார். அம்மாவே ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்தி, சத்தம் போடாமல் போகும்படி சொன்னார். தன் சொந்த நிலத்து வேலியடியிலேயே சத்தம் போடக் கூடாதென்று சொல்லப்பட்ட அந்த மனிதர் தொப்பியைத் தொட்டுவிட்டு அப்படியே போனார். ஐம்பது நிமிடம். யாரும் பசி என்று சொல்லவில்லை.

கழுகு எழுந்து பறந்த பிறகுதான் அப்பாவுக்குச் சட்டப் பிரச்சினை உதித்தது.

“காகம் சாப்பிட்டிட்டுது, சரி. ஆனா மச்சமெல்லே சாப்பிட்டது? சனிக்கிழமையும் அதுவுமா, கங்காரு இறைச்சி.”

அம்மா பைனாகுலரை மடியில் வைத்து யோசித்தார். நீதவான்கள்கூட அவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டார்கள்.

“விரதம் எனக்குத்தான். காகத்துக்கில்லை” என்றார். “அது வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுது. நான் வைக்காட்டிலும், வச்சவர் வச்சிருக்கிறார். கேரியரைத் திற.”

இரண்டே முக்காலுக்குக் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, நின்றபடியே சாப்பிட்டோம். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கெடுக்க வேண்டாம் என்று வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு ஆறு மணிக்குள் போக வேண்டும் என்பதால் திரும்பும்போது அப்பா ஓட்டினார். நான் பின் சீட்டில். மலையிறங்கித் தொலைபேசித் தொடர்பு திரும்பியதும் அம்மா லிட்கம் அன்ரிக்கு அழைத்தார். லிட்கம் அன்ரி அம்மாவின் பள்ளித் தோழி. ஒரு செய்தி அவரிடம் போனால் பிறகு அது செய்தி இல்லை, தீர்மானம்.

“பார்க்காமலே சொன்னாளடி” என்று அம்மா ஸ்பீக்கரில் கத்தினார். “காகம் இருந்த இருப்பைப் பார்த்திட்டு, அங்கால கழுகு நிக்குது எண்டாள். போய்ப் பார்த்தா நிக்குது!”

“உண்மையாவோ? அதைப் படிக்கிறதுக்கும் படிப்பு இருக்கோ?”

“ஓம், ஓம். ஆபிரிக்காவில. பெப்ரவரியில போறாள். ஒரு வருஷம்.”

நான் அசையாமல் இருந்தேன், பிளாட்டிபஸுக்குக் காத்திருந்ததைவிட அமைதியாக.

“தனியவோ?” என்றது ஸ்பீக்கர். “சிங்கம் திரியிற இடத்துக்கு? அப்ப கலியாணம்?”

“சிங்கத்தைச் சமாளிக்கப் பழகட்டும் முதல். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு லேசு.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தொலைபேசி கரகரத்தது. நான் மின்னஞ்சலைத் திறந்தேன். இரண்டே வரி எழுதினேன், எழுத்துப் பிழை பார்க்காமல் அனுப்பினேன்.

“அனுப்பிட்டன்” என்றேன்.

“நல்லது” என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல். “அங்க குளிருமோ? உடுப்பு பார்க்கோணும்.”

பென்ரித் வந்தது, போனது. எம் ஃபோர் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருங்கத் தொடங்கின. அப்போதுதான் கவனித்தேன், அப்பா வெகுநேரமாக ஒன்றும் கதைக்கவில்லை. அம்மாவுக்கென்று பதினொரு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அப்பாவுக்கென்று ஒன்றையும் யோசித்திருக்கவில்லை. அவர்தான் என் கட்சியாயிற்றே. கண்ணாடியில் அவருடைய கண்கள் ஒரு முறை என்னைப் பார்த்தன, திரும்பப் பாதைக்குப் போயின.

“அது முழுசாப் பன்னிரண்டு மாசமோ?” என்று கேட்டார்.

“ஓமப்பா.”

“ஆறு மாசமாக் குறைச்சுப் படிக்கேலாதோ? நீ கெட்டிக்காரிதானே.”

அம்மா தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு அவருடைய தோளில் இருந்த ஒரு சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

“இஞ்சேருங்கோ, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கோ.”